குறுக்கெழுத்தும் தமிழெழுத்தும்

எங்கள் விடுதியில் எனக்கு அடுத்த அறையில் வசிப்பவன் ஆங்கில ஆனர்ஸ் வகுப்பு மாணவன். காலையில் வாசகசாலைக்கு வரும் ஆங்கிலத் தினசரியில் ஏனையோர் அரசியற் செய்தியையும் பந்தாட்டச் செய்தியையும் தேட, இவன் மட்டும் குறுக்கெழுத்துக் கட்டம் உள்ள பக்கத்தைத் தேடுவான். பென்சிலும் கையுமாக அதன் முன் அமர்ந்துவிட்டானாயின், உணவு மணி அடித்தாலும் அவன் செவியில் ஏறாது. ஒருநாள் யான் அருகிருந்து, "இவ்விளையாட்டைத் தமிழில் ஆடலாகாதா?" என்று வினவினேன். அவன் தலை நிமிராமலே, "ஆடலாகாது, உங்கள் எழுத்து அதற்கு இடங்கொடாது" என்றான். "உங்கள்" என்ற சொல் என்னைச் சுட்டது. அவனும் தமிழனே.

இருவரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். யான் பன்னிரண்டு குறிப்புக்கள் கொண்ட கட்டம் ஒன்றைத் தமிழில் அமைத்துத் தருதல் வேண்டும். அவன் மூன்று நாளில் பிறர் உதவியின்றி அதனை அவிழ்த்தல் வேண்டும். குறிப்பு ஒவ்வொன்றும் நேர்மையுடையதா என்று தீர்ப்புக் கூறும் உரிமையும் அவனுடையதே. முடிவு யாதாயினும், என் பிழை உட்பட, இப்பத்திரிகையில் மறையாது எழுதுதல் வேண்டும் என்பது அவன் விதித்த நிபந்தனை. அதன்படி இதனை எழுதுகின்றேன்.

குறுக்கெழுத்தின் பிறப்பு நெடுங்காலத்ததன்று. லிவர்ப்பூல் நகரிற் பிறந்து அமெரிக்கா சென்ற ஆர்தர் வின் என்பார், 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் 'நியூயார்க் வோர்ல்ட்' பத்திரிகையில் வைரக்கல் வடிவான கட்டம் ஒன்றை வெளியிட்டார். அதில் இருந்த குறிப்புக்கள் நேரானவை: பொருளைக் கூறுவர், சொல்லை எழுதுவோம், அவ்வளவே. அதனை மறைபொருள் விளையாட்டாக மாற்றியவர் ஆங்கிலேயர். 1926 முதல் 'அப்ஸர்வர்' பத்திரிகையில் எட்வர்டு போவிஸ் மேதர்ஸ் என்னும் புலவர், டார்க்கமாடா என்ற புனைபெயருடன் கடுங்கட்டங்களை அமைத்தார். டார்க்கமாடா என்பது ஸ்பெயின் தேசத்துச் சமய விசாரணைத் தலைவன் ஒருவனது பெயர். வாசகரைச் சித்திரவதை செய்வதே தம் தொழில் என்று அவர் கருதினார் போலும்! 1939இல் அவர் இறந்தபின் அவ்விடத்தை ஏற்ற மக்நட் என்னும் பள்ளியாசிரியரும் ஸிமினீஸ் என்ற மற்றொரு விசாரணைத் தலைவன் பெயரையே சூடிக்கொண்டார். இவர் கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்தவர். 1966இல் இக்கலைக்கு இலக்கணமாக ஒரு நூலும் எழுதினார். இலக்கணம் கற்பித்தவர் விளையாட்டுக்கும் இலக்கணம் கண்டது எனக்கு வியப்பன்று.

இது பொழுதைக் கொல்லும் வீண் வேலை என்பார்க்கு ஒரு செய்தி. 1942இல் இலண்டன் 'டெய்லி டெலிகிராப்' பத்திரிகை, பன்னிரண்டு நிமிஷத்துள் கட்டத்தை முடிக்க வல்லார்க்கு ஒரு போட்டி வைத்தது. அதிற் கலந்துகொண்டாருட் சிலர், பகைவரது இரகசியச் செய்திகளை அவிழ்க்கும் பிளெட்ச்லி பார்க் நிலையத்தின் பணிக்குப் பின்னர் அழைக்கப்பட்டனர்.

மறைபொருட் குறிப்பின் அமைப்பு யாதெனின், ஒவ்வொரு குறிப்பும் இரு கூறுடையது. ஒரு கூறு விடையின் பொருளை நேரே கூறும். மற்றைக் கூறு அவ்விடையின் எழுத்துக்களை ஆக்கும் வழியைக் கூறும். இரண்டும் ஒட்டி ஒரே வாக்கியம் போலத் தோன்றி வேறொரு பொருளைக் காட்டி நம்மை மயக்கும். எங்கே ஒரு கூறு முடிகின்றது, எங்கே மற்றது தொடங்குகின்றது என்று கண்டுபிடிப்பதே அவிழ்ப்போன் தொழில். குறிப்பு மயக்கலாம், ஆனால் பொய் கூறலாகாது. விடை கண்டபின் அதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருந்தது என்று தெளிதல் வேண்டும்.

இனி நண்பன் கூறிய தடைகளைக் காண்போம். முதலாவது, எழுத்து மாற்றம். ஆங்கிலத்தில் 'கேள்' என்னும் பொருளுடைய 'லிஸன்' என்ற சொல்லின் ஆறெழுத்துக்களையே மாற்றி அடுக்கினால் 'மௌனமான' என்னும் பொருளுடைய 'ஸைலன்ட்' ஆகிவிடும். இருபத்தாறு எழுத்தே உடைய மொழியில் இத்தகைய வாய்ப்பு அடிக்கடி நேரும். நமக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ஓர் எழுத்துக்கு ஓர் அறை என்று வைத்தால், ஒரே எழுத்துக்கூட்டத்தால் இரு சொற்கள் அமைதல் அரிது. இதனை யான் மறுக்கவில்லை. இரண்டு நாள் தேடி ஒன்று கண்டேன். அது பின்னே வரும்.

இரண்டாவது, திருப்புதல். ஆங்கிலத்தில் 'வாழ்' என்னும் 'லிவ்' என்ற சொல்லைத் திருப்பிப் படித்தால் 'தீமை' என்னும் 'ஈவில்' வரும். தமிழிலும் 'வாசி' திரும்பினால் 'சிவா' ஆகும். ஆனால் மெய்யெழுத்தில் முடியும் சொல்லைத் திருப்ப முடியாது. தனிமெய் சொல்லுக்கு முதலாகாது என்பது சிறுவரும் அறிந்த விதி. நம் பெயர்ச்சொற்களுள் மிகப் பல மகர ஒற்றில் முடிவன. ஆகவே இக்கதவும் பாதி அடைபட்டதே.

மூன்றாவது தடை வேற்றுமையுருபு. இதனை நண்பன் கூறவில்லை. குறிப்பு எழுதத் தொடங்கியபின் யானே முட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் 'இன்', 'ஆப்' முதலியன தனிச்சொற்களாய் விலகி நிற்கும். நம் உருபுகளோ பெயரோடு ஒட்டி அதன் வடிவையும் மாற்றும். 'நகரம்' என்பது 'நகரத்தின்' ஆனால் மகர ஒற்று மறைந்து அத்துச் சாரியை புகுகின்றது. எழுத்தை எண்ணும் விளையாட்டில் இது சிறு செய்தியன்று. 'நகரத்தின் கையில் ஆபரணம்' என்று 'நகை' என்னும் விடைக்கு ஒரு குறிப்பு எழுதி மகிழ்ந்தேன். மறுநாள் பார்த்தபோது 'கையில்' என்பதிலுள்ள 'இல்' எவ்வேலையும் இன்றி நிற்பதைக் கண்டு நாணினேன். 'நகரத்துக் கை: ஆபரணம் (2)' என்று சுருக்கினேன். அழகு குறைந்தது, நேர்மை மிகுந்தது.

'நகரத்துக் கை' எங்ஙனம் 'நகை' ஆகும் என்று வாசகர் கேட்கலாம். இங்கேதான் தமிழ் தன் செல்வத்தைக் காட்டுகின்றது. நாம் எழுத்துக்களைக் கரம் என்னும் சாரியை கூட்டிச் சொல்வோம்: அகரம், தகரம், நகரம், மகரம். இவற்றுட் பல வேறு பொருளும் உடைய சொற்களாகவே நிற்கின்றன. நகரம் என்பது பட்டணமுமாம், 'ந' என்னும் எழுத்துமாம். தகரம் தட்டானுக்கு உலோகம், இலக்கணப் புலவனுக்கு 'த'. மகரம் கடலில் மீன், ஏட்டில் 'ம'. 'மெய்' என்றால் உண்மை, உடல், புள்ளி பெற்ற எழுத்து. 'உயிர்' என்றால் உயிர்தான், எழுத்தும் அதுவே. நம் இலக்கணத்தின் பெயர்களே பாதி மறைபொருளாயின், குறிப்பு எழுதுவோன் செய்வது மறுபாதியே. இத்தகைய வசதி ஆங்கிலத்துக்கு இல்லை என்று நண்பனே ஒப்புக்கொண்டான்.

நம் முன்னோர் இவ்வாறான சொல்விளையாட்டில் பழகாதவர் அல்லர். தண்டியலங்காரம் சொல்லணியியலில் மிறைக்கவி பன்னிரண்டைக் கூறுகின்றது. அவற்றுள் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் புதுச்சொல் ஆக்குவது எழுத்து வருத்தனம். ஒவ்வொன்றாக நீக்குவது அக்கரச்சுதகம். முன்னும் பின்னும் ஒன்றாகவே படிக்கப்படுவது மாலைமாற்று; திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதும் இவ்வாறு பாடியிருக்கின்றார். பல வினாக்களின் விடைகளைச் சேர்த்தால் வேறொரு தொடர் பிறப்பது வினாவுத்தரம். குறுக்கெழுத்துக் குறிப்பின் உறுப்புக்கள் எல்லாம் ஈண்டு உள்ளன. ஆயினும் "குறுக்கெழுத்தை நாமே முதலிற் கண்டோம்" என்று சிலர் போல மார்தட்ட எனக்கு மனமில்லை. மிறைக்கவியிற் புலவன் தன் ஆற்றலைக் காட்டுகின்றான். வாசகன் வியந்து நிற்கின்றான். குறுக்கெழுத்தில் வாசகனே ஆட்டக்காரன். ஒரு சொல்லின் எழுத்து மற்றொரு சொல்லுக்குச் சாட்சி கூறுவது முன்னோர் செய்யாதது. அது மேனாட்டார் கண்டது.

எனது கட்டத்துக்கு வருவேன். எளியவற்றை அவன் முதல் நாள் மாலையே முடித்துவிட்டான். 'ஐந்துக்கு அப்பால் ஓடுவது (2)' என்றதற்கு ஆறு. எண்ணும் நதியும் ஒரே சொல்லாதலின் இது சிலேடை. 'கொடு மானொன்றை, குளத்தில் மலரும் (3)' என்றதற்குத் தாமரை. கொடு என்பது தா. மானினத்துள் ஒன்று மரை. 'கவனம் தலையிழந்தது; எங்கும் காடு (3)' என்றதில் ககரம் போக வனம் நின்றது. இவை மூன்றையும் பல் துலக்கும் நேரத்தில் முடித்ததாக அவன் பெருமை பேசினான்.

'தகர வளையல், மழை பெய்தாற் சத்தமிடும் (3)' என்பது அவனைச் சற்றே நிறுத்தியது. தகர வளையலின்மேல் மழைத்துளி விழுந்து ஒலிப்பதாகவே அவன் மனம் கண்டதாம். அதுவே யான் விரும்பிய மயக்கம். தகரத்தை உலோகமென்று எண்ணும்வரை வழியில்லை. எழுத்தென்று எண்ணிய கணமே த, வளை எனப் பிரிந்து தவளை குதித்து வெளிவந்தது. நள்ளிரவில் என் அறைக்கதவைத் தட்டி, "தவளை!" என்று கூவினான். விடுதிக் கண்காணிப்பாளர் விழித்துக்கொண்டதும் அதன்பின் நடந்ததும் இக்கட்டுரைக்கு வேண்டாதவை.

'அநேகம் உறைப்பு, ஆயினும் தின்னலாம் (5)' என்றது பலகாரம். 'மிகுந்த உறைப்பு, குறளில் 133 உண்டு (5)' என்றது அதிகாரம். இரண்டிலும் காரமே இருத்தலின், "உனக்குச் சரக்குப் போதவில்லை" என்று குற்றங்கூறினான். உண்மையே.

'விண்ணும் கொல்லன் கருவியும் புணர்ந்தன. மரத்துக்கு மரம் தாவும் (4)' என்பதில் எனக்குத் தனிப் பற்று உண்டு. விண் என்பது வான். கொல்லன் கருவி அரம். இரண்டையும் வெறுமே அடுக்கினால் 'வான்அரம்' என ஐந்தெழுத்தாகும். அறைகளோ நான்கே. 'புணர்ந்தன' என்ற சொல்லைக் கண்டு புணர்ச்சி விதியை நினைத்தல் வேண்டும். நிலைமொழியின் னகரமெய்மேல் வருமொழியின் அகரம் ஏற, வானரம் ஆயிற்று. தனிக் குற்றெழுத்தின் பின் நிற்கும் மெய்யே உயிர் வரும்போது இரட்டிக்கும்; ஈண்டு 'வா' நெடிலாதலின் இரட்டவில்லை. நன்னூலை ஏட்டளவிற் படித்த எனக்கு, அது குரங்கு பிடிக்கவும் உதவும் என்பது அன்றுதான் விளங்கிற்று. ஆங்கிலக் குறுக்கெழுத்தில் இரு சொற்கள் சேரும்போது எழுத்துக்கள் உருவு மாறுவதில்லை. அவர்களுக்குப் புணர்ச்சி இல்லை, நமக்கு உண்டு. முதலில் யான் தடையென்று அஞ்சியதே இங்கே துணையாயிற்று.

என் தோல்வியை இனியும் ஒத்திவைத்தல் ஆகாது. 'வள்ளல் வயிற்றில் நெருப்பு. அங்கி தரித்தவர் (3)' என்று ஒரு குறிப்பு. வள்ளல் பாரி. அவன் பெயருக்கு நடுவே நெருப்பை வைத்தால் பாதிரி. நம் கல்லூரியில் இது எல்லோர்க்கும் தெரிந்த சொல்லாதலின் நண்பன் விடையை உடனே எழுதிவிட்டான். ஆனால் அருகில் சிவப்பு மையால் 'அநீதி' என்றும் எழுதினான். "நெருப்பு என்பது தீ, நெடில். பாரிக்குள் தீயை வைத்தால் பாதீரி ஆகுமேயன்றிப் பாதிரி ஆகாது. யான் விடையை ஊகித்தேன், நீ அதனைச் சொல்லவில்லை" என்றான். யான் ஒரு மணிநேரம் வாதாடினேன். மாத்திரைச் சுருக்கம் என்று சித்திரகவியில் ஒரு வகை உண்டு, அதிலே நெடில் குறிலாகும் என்று எடுத்துக்காட்டினேன். அவன் அமைதியாக, "உண்டு; ஆனால் அங்கே சுருக்கச் சொல்லிச் சுருக்குகின்றார்கள். நீ சொல்லவில்லையே" என்றான். விடையில்லை. 'வள்ளல் வயிற்றில் குறுகிய நெருப்பு' என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் குறிப்பு நேர்மையாகியிருக்கும், அழகும் கூடியிருக்கும். அவ்வொரு சொல்லை விட்டது என் பிழை. உடன்படிக்கைப்படி இங்கே அறிக்கையிடுகின்றேன்.

அவன் தோற்ற இடமும் ஒன்று உண்டு. கட்டத்தின் நடுவில் அதிகாரம் குறுக்கே கிடந்தது. அதன் இரண்டாம் எழுத்தாகிய 'தி'யிலிருந்து திங்கள் கீழே இறங்கிற்று. அதற்கு யான் எழுதிய குறிப்பு 'நிலவு, மாதம், வாரநாள் (4)' என்பது. அதிகாரத்தின் நான்காம் எழுத்தாகிய 'ர'வின் வழியே, மேலிருந்து கீழாக மற்றொரு சொல் சென்றது. அதன் குறிப்பு 'நகரம் குழம்பினால் பாவிகள் போய்ச் சேருமிடம் (4)'. இதுவே முன்னே யான் சொன்ன எழுத்து மாற்றம். ந, க, ர, ம் என்னும் நான்கும் இடம் மாறி நரகம் ஆயின. நண்பன் இதனைக் கண்டவுடன், "பட்டணத்தில் வாடகைக்கு இருந்து பார், குழம்பவும் வேண்டாம்" என்றான்.

திங்களின் மூன்றாம் எழுத்து 'க'. நரகத்தின் ஈற்றெழுத்து 'ம்'. இவ்விரண்டும் ஒரே வரிசையில் நின்று, நாலெழுத்துச் சொல் ஒன்றன் இரண்டாம், நான்காம் எழுத்துக்கள் ஆயின. முதலெழுத்தும் மூன்றாம் எழுத்தும் தெரியா. குறிப்பு இது: 'நஞ்சின் நடுவே முதல் மெய் முதல் உயிர் பெற்றது, சிரிக்கலாம் (4)'. மூன்றாம் நாள் முழுவதும் இதனோடு போராடினான். நகரம், சிகரம், மகரம், சகடம் என்று கட்டத்துக்குப் பொருந்தும் சொற்களை எல்லாம் வரிசையாக எழுதினான். எதற்கும் காரணம் காணவில்லை. நஞ்சுண்டு இறந்தவன் உயிர்பெற்று எழுந்த கதை ஏதேனும் புராணத்தில் உண்டோ என்று நூல்நிலையத்தில் தேடினானாம். குறித்த நேரம் முடிந்தபோது, மனமின்றிச் 'சிகரம்' என்று எழுதித் தந்தான். "ஏன்?" என்றேன். "இடம் நிரம்பியது" என்றான். காரணம் கூற இயலாத விடை விடையாகாது என்பது அவனே எனக்குக் கற்பித்த விதி, ஆதலின் வாதாடவில்லை.

நஞ்சு என்பது விடம். முதல் மெய் என்பது மெய்யெழுத்து வரிசையில் முதலாவதாகிய க். முதல் உயிர் அகரம். மெய் உயிர்பெற்றால் உயிர்மெய், ஆகவே 'க'. விடத்தின் நடுவே ககரம் நிற்க விகடம். விகடம் என்றால் சிரிக்கலாந்தானே! யான் இதனை எழுதிக்காட்டியபோது அவன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு 'விகடகவி' என்ற சொல்லை முன்னும் பின்னும் படித்துப் பார்த்தான். "ஒரு சொல்லும் வீணில்லை, ஒரு பொய்யும் இல்லை" என்று கூறித் தன் சிவப்பு மையால் அக்குறிப்பின் அருகே கையொப்பமிட்டான். பன்னிரண்டில் பதினொன்று அவிழ்ந்தன, ஒன்று அநீதி, ஒன்று அவன் கைக்கு எட்டவில்லை. வென்றவர் யார் என்று விடுதியில் இன்றும் இரு கட்சி உண்டு.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஆராதனை முடிந்து இருவரும் விளையாட்டு மைதானத்தின் வழியே திரும்பிக்கொண்டிருந்தோம். வெயில் தணிந்து மேற்கே சிவந்திருந்தது. நண்பன் சட்டைப்பையிலிருந்து என் குறிப்புத்தாளை எடுத்தான். 'நிலவு, மாதம், வாரநாள்' என்று யான் திங்களுக்கு எழுதியிருந்ததை, "இது குறிப்பன்று, அகராதி" என்று சொல்லிக் குறுக்கே கோடிட்டு அடித்தான். அதன் மேலே தன் கையால் வேறொன்று எழுதி என்னிடம் நீட்டினான்: 'ஞாயிறு போனால் வருவது (4)'. கிழமையாகக் கொண்டாலும் திங்கள். சூரியனாகக் கொண்டாலும் திங்கள். கிழக்கே திரும்பிப் பார்த்தேன். அது அப்போதுதான் மரங்களுக்கு மேல் வந்துகொண்டிருந்தது.